குனிந்து கொடுப்பவர்கள்

தைப்பேயிலிருந்து ஹுவாலியன் போகும் ரயிலில் இடப்பக்கம் உட்கார வேண்டும் என்று உடன் வந்த ஆன்ட்டி முன்பே சொல்லியிருந்தார். தைவான் தீவின் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் தடம் அது. சுரங்கம் முடிந்தால் கடல், கடல் முடிந்தால் மறுபடியும் சுரங்கம். இருட்டுக்குப் பழகிய கண் நிமிர்வதற்குள் பசிபிக் ஒரு தடவை நீலமாகத் தெரிந்து மறைந்துவிடும். வலப்பக்கம் ஜன்னல் முழுக்க மலை. இந்தத் தடம் 1980-இல்தான் முழுமையாகத் திறந்தது. அதற்கு முன்பு தைப்பேயிலிருந்து வருகிறவர்களுக்கு, மலைக்கும் கடலுக்கும் நடுவே பாறையைக் குடைந்து போட்ட குறுகிய சாலைதான் தரைவழி. பெருமழை பெய்தால் அதுவும் மூடிக்கொள்ளும். நான் தேடிப்போன கதை 1966-இல் தொடங்கியது. அப்போது ஹுவாலியன் அப்படித் துண்டுபட்டுக் கிடந்த ஏழை ஊர்.

பினாங்கிலிருந்து பன்னிரண்டு பேர் கிளம்பியிருந்தோம். தமிழ் பேசுகிறவர் நான் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் சூ ச்சி தொண்டர்கள். நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பெண்களுக்கு வாரி முடிந்த கொண்டை. அந்த உடையை அவர்கள் 'நீல வானம், வெண்மேகம்' என்பார்கள். சூ ச்சி என்றால் கருணையோடு துயர் தீர்ப்பது என்று பொருள். தைவானில் ஒரு பிக்குணி தொடங்கிய பௌத்தத் தொண்டு அமைப்பு அது. எங்கள் குடும்பத்துக்கு அது ஒரு கட்டடத்தின் பெயர். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், என் சித்தப்பா படுத்திருந்த இடம்.

சித்தப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதில் பால்மரம் வெட்டினார். தோட்டம் வீடமைப்புத் திட்டமானதும் பட்டர்வொர்த் வந்து லாரி ஓட்டினார். ஐம்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் போயிற்று. முதலில் போன தனியார் மையத்தில் ஒரு தடவை மெசினில் படுத்து எழ, சித்தியின் ஒரு வாரக் கூலி போனது. நகை போயிற்று, பிறகு லாரி போயிற்று. விற்க வேறு ஒன்றும் இல்லாத நிலையில் யாரோ சொல்லி சூ ச்சியில் மனுப் போட்டோம். 1997-இலிருந்து அவர்கள் பினாங்கில் ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்துவருகிறார்கள். தொண்டர்கள் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், அடுக்களை வரை வந்தார்கள். இனம், மதம் எதையும் கேட்கவில்லை. இடம் கிடைத்தது.

முதல் நாள் போய்வந்த சித்தப்பா கோபமாக இருந்தார். வாசலில் ஒரு சீன அம்மா இடுப்பு வளையக் குனிந்து, இரண்டு கையாலும் ஒரு போர்வையை நீட்டி, நன்றி என்றாராம். "நான் கொடுத்தது என்ன இருக்கு? எனக்கு எதுக்கு அந்தம்மா நன்றி சொல்லுது?" என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கேலி செய்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். வாங்குகிறவன் தலை குனிய வேண்டும் என்பதுதான் அவர் அறிந்த உலகம். கடன் வாங்கினாலும் தர்மம் வாங்கினாலும் அப்படித்தான். தோட்டத்துக் கடை முதலாளி தவுக்கேயின் மேசைக்கு முன்னால் நின்று பழகிய முதுகு அவருடையது.

அந்தச் சீன அம்மாதான் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தை உரித்து எனக்கும் பாதி கொடுத்த ஆன்ட்டி. பதினோரு ஆண்டுகள் சித்தப்பாவை "அண்ணே" என்று கூப்பிட்டவர். அவர் இறந்தபோது சுடுகாடு வரை வந்தவர். சித்தப்பாவின் கேள்வியை நான் ஒருமுறை அவரிடமே கேட்டேன். ஹுவாலியனுக்கு வந்து பார் என்றார். வருவதற்கு எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று.

*

நாங்கள் போனது 2024 டிசம்பரில். அந்த ஏப்ரல் 3-ஆம் தேதி காலை ஹுவாலியனை 7.2 அளவு நிலநடுக்கம் உலுக்கியிருந்தது. சாய்ந்து நின்ற செந்நிறக் கட்டடத்தின் படத்தை உலகமே பார்த்தது. நாங்கள் போனபோது அந்த இடம் வெற்று மனை. தாரோகோ பள்ளத்தாக்குக்குப் போகும் பாதைகளில் பெரும்பகுதி மூடியே இருந்தது. பயணிகள் இல்லாத ஊரில் தூறல் மட்டும் விடாமல் விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் காலையைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கலாம். நிலம் ஆடிச் சில மணி நேரத்துக்குள் ஒரு தொடக்கப் பள்ளியின் கூடத்தில் வரிசையாகத் துணித் தடுப்புகள் எழுந்துவிட்டன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை, உள்ளே மடக்குக் கட்டில், போர்வை, சூடான சாப்பாடு. அந்தக் கட்டிலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 2010 பாகிஸ்தான் வெள்ளத்தில் ஈரத் தரையில் குழந்தை படுத்துக் கிடந்த படத்தைப் பார்த்துத்தான் சூ ச்சி அதை வடிவமைத்தது. மூட்டுவதற்கு ஆணி வேண்டாம், கருவி வேண்டாம். ஒருவரே தூக்கலாம், இழுத்தால் கட்டிலாகும். பட்டர்வொர்த்திலும் வெள்ளக் காலத்தில் இதே கட்டிலைப் பார்த்திருக்கிறேன். ஒரு படத்தைப் பார்த்தால் எவருக்கும் மனம் இளகும். இளகிய மனம் அதே நாளில் மறந்தும் போகும். அதைத் தகட்டிலும் கீலிலும் பிடித்துவைக்க ஒருவருக்குத் தோன்றியதே என்பதுதான் எனக்கு வியப்பு.

*

ஜிங் சு மடம் நகரத்துக்கு வெளியே, விமானத் தளத்துக்கு அருகில், வயல்களின் ஓரத்தில் இருக்கிறது. உலகம் முழுக்கக் கிளைகளும், மருத்துவமனைகளும், பல்கலைக்கழகமும், தொலைக்காட்சியும் உள்ள அமைப்பின் தாய்வீடு என்றால் கோபுரம் மாதிரி ஒன்றை மனம் எதிர்பார்க்கும். அங்கே 1969-இல் கட்டிய மைய மண்டபம் நம் கிராமத்துப் பள்ளிக்கூடம் அளவுக்குக்கூட இல்லை. சாம்பல் ஓடு, வெள்ளைச் சுவர், முன்னால் நாலு தூண். பின்னால் மத்திய மலைத்தொடர் மேகத்துக்குள் ஏறிப் போகிறது. உண்டியல் எங்கே என்று தமிழ்க் கண் தானாகவே தேடியது. இல்லை.

அது தற்செயல் இல்லை, மடத்தின் சட்டம். இங்குள்ள பிக்குணிகள் தங்கள் சோற்றுக்கு யாரிடமும் காணிக்கை வாங்குவதில்லை. கூலிக்கு மந்திரம் ஓதுவதில்லை, சாவு வீட்டுச் சடங்குக்குப் போவதில்லை. ஒரு நாள் வேலை இல்லையென்றால் அந்த நாளுக்குச் சாப்பாடும் இல்லை என்ற பழைய சீன ஜென் மரபை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள். மக்கள் தரும் நன்கொடை மக்களுக்கே போகும், மடத்தின் அரிசிக்கு மடத்தின் கைதான் பொறுப்பு. தொடக்க நாட்களில் கம்பளிச் சட்டை பின்னினார்கள், தீவன மூட்டைக்குப் பை தைத்தார்கள், நிலக்கடலை பயிரிட்டார்கள். இப்போது தானிய மாவு அரைக்கிறார்கள், மெழுகுவத்தி செய்கிறார்கள். உருகிய மெழுகு வெளியே வழியாமல் கூட்டுக்குள்ளேயே நிற்கும் அந்த வத்திக்கு 'கண்ணீர் வடிக்காத மெழுகுவத்தி' என்று பெயர்.

விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே மரப்பலகையைத் தட்டும் ஓசை கேட்டது. இருட்டில் வெறும் பாதங்கள் நடக்கும் சத்தம். மண்டபத்தில் தாமரைச் சூத்திரத்தின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வணக்கம் என்று விழுந்து எழுந்தார்கள். என் முழங்கால் அரை மணியில் முடியாது என்று சொல்லிவிட்டது. ஆன்ட்டிக்கு வயது எழுபதுக்கு மேல். அவர் நிறுத்தவில்லை.

ஏழு மணிக் கூட்டத்தில், அமைப்பைத் தொடங்கிய செங் யென் அம்மையாரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். 1937-இல் பிறந்தவர். மெலிந்த சின்ன உருவம், காற்றில் கரையும் குரல். மாண்டரினும் தைவானிய ஹொக்கியனும் கலந்து பேசினார். எங்கள் பினாங்குத் தெருவில் கேட்டு வளர்ந்த ஹொக்கியன் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. நான்கில் ஒரு சொல் எனக்குப் பிடிபட்டது. பேசியது தத்துவம் இல்லை. எந்த ஊரில் எந்தக் குடும்பத்துக்கு என்ன தேவைப்பட்டது, யார் போனார்கள், கூரை போட்டாயிற்றா என்ற கணக்குத்தான்.

*

இந்த அமைப்பின் தோற்றக் கதையை அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 1963-இல் தைப்பேயில் துறவு வாங்கப் போன செங் யென்னுக்கு, பெரும் அறிஞரான யின் ஷுன் குருவாக அமைந்தார். பௌத்தம் செத்தவர்களுக்கான சடங்காகச் சுருங்கிவிட்டது, உயிரோடு இருக்கிறவர்களிடம் அது திரும்ப வேண்டும் என்று தாய் ஷு துறவி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிய சிந்தனைக் கால்வழியில் வந்தவர் யின் ஷுன். சிஷ்யைக்கு அவர் கொடுத்த உபதேசம் மிகச் சிறியது. பௌத்தத்துக்காகவும் உயிர்களுக்காகவும் வாழ் என்பதே அது.

1966-இல் செங் யென் ஒரு மருத்துவமனைக்குப் போனார். தரையில் இரத்தம். முன்பணம் கட்ட முடியாத ஒரு பழங்குடிப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்களாம். அந்த நிகழ்வின் விவரங்களை மறுத்தவர்கள் உண்டு, பிற்காலத்தில் வழக்கும் நடந்தது. அதைச் சொல்லாமல் கடப்பது சரியல்ல. அதே காலத்தில் மூன்று கத்தோலிக்கக் கன்னியர் அவரைச் சந்தித்துப் பேசினார்கள். நாங்கள் பள்ளி கட்டுகிறோம், மருத்துவமனை கட்டுகிறோம், பௌத்தர்கள் சமூகத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவமானமாக எடுக்காமல் கேள்வியாகவே எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு நடந்ததுதான் கதையின் உயிர். மூங்கிலை வெட்டி முப்பது குழாய்கள் செய்து முப்பது இல்லத்தரசிகளிடம் கொடுத்தார். தினமும் சந்தைக்குக் கிளம்புவதற்கு முன் ஐந்து மாவ், அதாவது அரை டாலர், அதில் போட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகப் பதினைந்து டாலர் தந்துவிடுகிறோமே என்று கேட்டார்கள். கூடாது என்றார். மாதம் ஒருமுறை போட்டால் மாதம் ஒருமுறைதான் நினைப்பு வரும். அவரும் உடனிருந்தவர்களுமாக ஆறு பேர், தங்கள் வழக்கமான வேலைக்கு மேல் தினமும் ஆளுக்கு ஒரு ஜோடிக் குழந்தைச் செருப்பு கூடுதலாகத் தைத்தார்கள். ஜோடி நான்கு டாலர். ஒரு நாளைக்கு 24, மாதம் 720. இல்லத்தரசிகளின் 450-ஐயும் சேர்த்தால் 1,170 தைவான் டாலர். இந்தக் காசோடுதான் இவ்வளவும் தொடங்கியது.

மூங்கில் குழாயில் விழும் காசு சத்தம் போடும். கறிகாய்க் கூடையோடு சந்தைக்குப் போன பெண்களிடம் என்னவென்று கேட்டார்கள், அரை டாலரிலும் ஆளைக் காப்பாற்றலாம் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள், மீன் விற்கிறவரும் கீரை விற்கிறவரும் குழாய் கேட்டார்கள். ஒரு ஜப்பானியத் தொழிலதிபர் பிற்பாடு மருத்துவமனை கட்ட 20 கோடி அமெரிக்க டாலர் மொத்தமாகத் தருகிறேன் என்று வந்தாராம். செங் யென் மறுத்துவிட்டார். ஒரே கையிலிருந்து வரும் பெரும்பணம் ஆயிரம் கைகளின் வேலையைப் பிடுங்கிவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மருத்துவமனை சில்லறையில் எழுந்தது. 1986 ஆகஸ்டில் திறந்தார்கள். முன்பணம் கேட்பதில்லை என்பது அதன் முதல் விதி. தைவானில் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீடு வந்தது 1995-இல்தான்.

எனக்கு மணிமேகலையின் அமுதசுரபி நினைவுக்கு வந்தது. தமிழில் பௌத்தம் விட்டுப்போன மிகப் பெரிய பாத்திரம் அது. ஆதிரையின் கையால் முதல் பிச்சை விழுந்த பிறகு அதற்குக் குறைவே இல்லை. ஊர்ப் பசியெல்லாம் தீர்த்து, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுவதற்கும் அதுவே வழி திறந்தது. சிறு வயதில் கேட்டபோது, தானாக நிறையும் பாத்திரம் என்றுதான் அதைக் கற்பனை செய்தேன். மூங்கில் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தபோது வேறாகத் தோன்றியது. இது தானாக நிறையாது. ஒரு நாள் விட்டால் ஒரு காசு குறையும். ஆதிரையின் முதல் பிடியைத் தினமும் ஒருத்தி இடவேண்டியிருக்கிறது. முப்பது ஆதிரைகள், பிறகு முந்நூறு, பிறகு எண்ண முடியாதவர்கள்.

பட்டர்வொர்த் மையத்தில் நோயாளிகளுக்கும் உண்டியல் கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு அது கொஞ்சம் கொடுமையாகப் பட்டது. இல்லாதவரிடம் கேட்பதா? சித்தப்பாவுக்கு அப்படிப் படவில்லை. மெசினுக்குப் போகும் நாளெல்லாம் இருபது சென் போட்டார். ஊரில் ஒரு மலாய்க்காரர் வீடு எரிந்தபோது அந்த உண்டியலைத் தன் கையால் கொண்டுபோய் வைத்தார். அன்று வீட்டுக்கு வந்து குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, சித்தியிடம் கோழிக்கறி கேட்டார். அந்த நோய் வந்த பிறகு அவர் ஆசையாகக் கேட்டுச் சாப்பிட்டது எனக்கு ஞாபகமிருக்கிற வரை அந்த ஒரு நாள்தான்.

*

ஹுவாலியனில் என்னை அசைத்துவிட்ட இடம் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரி. 1994-இல் கல்லூரி தொடங்கியபோது அறுத்துப் படிக்க உடல் இல்லை. உடல் சிதையாமல் போய்ச் சேர வேண்டும் என்பது சீன மரபில் ஆழமான நம்பிக்கை. செங் யென் கேட்டார், தொண்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களை இங்கே 'பேசாத ஆசிரியர்' என்கிறார்கள். அந்தப் பெயர் வெறும் மரியாதைக்கு இல்லை. அதற்கேற்ற நடைமுறை இருக்கிறது.

வகுப்பு தொடங்கும் முன் மாணவர்கள் இறந்தவரின் வீட்டுக்குப் போகிறார்கள். மனைவியிடமோ பிள்ளைகளிடமோ உட்கார்ந்து பேசுகிறார்கள். எந்த ஊர், என்ன தொழில், எதற்குக் கோபப்படுவார், என்ன பாட்டு பிடிக்கும். அதை எழுதிப் படத்தோடு கூடத்தில் வைக்கிறார்கள். கத்தி எடுக்கும் முன் தலை வணங்குகிறார்கள். படிப்பு முடிந்ததும் திறந்த ஒவ்வொரு இடத்தையும் தைத்து மூடுகிறார்கள், உடலுக்கு வெள்ளாடை உடுத்துகிறார்கள், பெட்டியைத் தாங்களே தூக்குகிறார்கள். குடும்பத்தார் பின்னால் நடக்கிறார்கள். தகனத்துக்குப் பின் சாம்பலில் ஒரு பகுதி கண்ணாடிக் கலசத்தில் கல்லூரியிலேயே இருக்கிறது. அந்தக் கூடத்தில் நின்றேன். வரிசை வரிசையாகக் கலசங்கள், வெளிச்சம் ஊடுருவிப் போகிறது. உடலைக் கொடுத்தவர் ஒருவர் சாவதற்கு முன் மாணவர்களைப் பார்த்து, என் மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் தப்பாக வெட்டுங்கள், நாளைக்கு ஒரு நோயாளி மேல் ஒரு தடவைகூடத் தப்பு செய்யாதீர்கள் என்ற பொருளில் பேசியதை அங்கே சொல்லாதவர் இல்லை.

சித்தப்பாவின் கையில் ஊசி போட்டுப் போட்டுத் தடித்துப்போன நரம்பு எனக்கு நினைவுக்கு வந்தது. எத்தனையோ இளம் தாதிகள் அந்தக் கையில்தான் ஊசி பழகினார்கள். அவர் முகம் சுளித்ததில்லை. "கத்துக்கட்டும், பிள்ளை" என்பார். அவரும் ஒரு வகுப்பு நடத்தியிருக்கிறார் என்று அந்தக் கலசங்களுக்கு நடுவே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. நன்றி என்று ஆன்ட்டி குனிந்தது போலியில்லை. வாங்க வருகிறவர் ஏதோ ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று இவர்கள் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கையை முதுகெலும்புக்குப் பழக்குகிறார்கள். மனம் நம்பாத நாளிலும் முதுகு வளைகிறது. வளைந்து வளைந்து ஒரு நாள் மனமும் அங்கே வந்து சேர்கிறது போலும்.

சூ ச்சி தொண்டராகச் சேர்கிறவர்கள் பத்து விதிகளை ஏற்கிறார்கள். கொல்லாமை, திருடாமை, பிறன்மனை நாடாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என்ற பஞ்சசீலம் ஐந்து. மிச்ச ஐந்தும் இந்தக் காலத்துக்காகச் சேர்த்தவை. புகை, போதைப்பொருள், வெற்றிலைப்பாக்கு கூடாது. தைவானில் லாரி ஓட்டுநர்கள் தூங்காமலிருக்கப் பாக்கு மென்று வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாவது அதிகம். சூதாட்டமும் ஊக வணிகமும் கூடாது. பெற்றோரை மதித்து இன்சொல் பேச வேண்டும். சாலை விதியை மதிக்க வேண்டும், தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் போட வேண்டும். அரசியலிலும் ஆர்ப்பாட்டத்திலும் கலக்கக் கூடாது.

சிவப்பு விளக்கில் நிற்பதும் சீலம் என்று வைத்ததை நான் வெகுவாக மதிக்கிறேன். கொல்லாமை என்பது ஊரில் பெரும்பாலும் சக்கரங்களின் கையில்தான் இருக்கிறது. ஆனால் கடைசி விதியில் என் மனம் நிற்க மறுக்கிறது. சித்தப்பா ஏன் ஏழையானார்? தோட்டம் துண்டாடப்பட்டபோது மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்தவர்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. அதற்காகச் சிலர் கொடி பிடித்தார்கள், மறியல் செய்தார்கள். அவர்கள் பிடிக்காமல் இருந்திருந்தால் கிடைத்த கொஞ்சமும் கிடைத்திருக்காது. அறம் மருத்துவமனைக் கட்டிலோடு நின்றுவிடலாமா என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கொடி பிடிக்கிறவங்க பிடிக்கட்டும். கட்டிலுக்குப் பக்கத்துல எல்லாக் கட்சிக்காரனும் படுத்திருக்கான். அங்க நிக்கிறவ கையில கொடி இருக்கக் கூடாது" என்றார். 1991-இல் சீனப் பெருநிலத்து வெள்ளத்துக்கு உதவப் போனபோது, எதிரி நாட்டுக்குக் கொடுப்பதா என்று தைவானிலேயே எதிர்ப்பு வந்ததையும் சொன்னார். இரண்டு பக்கமும் கட்சி சேராததால்தான் போக முடிந்தது என்பது அவர் வாதம். நான் முழுதும் ஒப்பவில்லை. அவர் சொன்னதில் உண்மை இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு பெரிதாக வளர்ந்த அமைப்புக்கு விமர்சனமும் பெரிதாகவே வந்திருக்கிறது. தைப்பேயின் நெய்ஹு பகுதியில் பாதுகாக்கப்பட்ட நிலத்தில் கட்டடம் எழுப்பப் போட்ட திட்டத்தைச் சூழல் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். 2015-இல் அமைப்பு அதைக் கைவிட்டது. கைவிட்டது நல்லது. எதிர்த்தவர்களும் ஊருக்குத் தொண்டுதான் செய்தார்கள்.

*

கடைசி நாள் மறுசுழற்சி நிலையத்தில் வேலை. 1990 ஆகஸ்டில் தைச்சுங்கில் ஒரு பேச்சுக்குக் கைதட்டியவர்களிடம், தட்டுகிற கையால் குப்பை பொறுக்குங்கள் என்று செங் யென் கேட்டதிலிருந்து இது நடக்கிறது. இன்று தீவெங்கும் ஆயிரக்கணக்கான இடங்கள். பெரும்பாலும் பாட்டிமார், தாத்தாமார். இதில் வரும் பணம் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போகிறது. பிளாஸ்டிக் போத்தல் நூலாகி, போர்வையாகி, பேரிடர் நடந்த ஊருக்குப் போகிறது. சித்தப்பாவின் முதல் நாள் போர்வையும் அப்படி வந்ததுதான். சாம்பல் நிறம். சித்தி இன்னும் அதைத்தான் போர்த்துகிறார்.

கூரை போட்ட கொட்டகை. குட்டை முக்காலிகள். மழை தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. என்னை ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எண்பத்தைந்து வயதிருக்கும். கையுறைக்குள் விரல்கள் முடிச்சு முடிச்சாக இருந்தன. பக்கத்தில் இன்னொருவர் பழைய தாள்களில் அச்சுப் படாத வெள்ளை ஓரத்தைக் கிழித்துத் தனியாக அடுக்கினார், வெள்ளைத் தாளுக்கு விலை கூட. பாட்டிக்கு மாண்டரின் சரளமில்லை, எனக்கு அறவே தெரியாது. நான் மெதுவாக, எங்கள் தெருவில் கேட்பது போல, "சியா பா போய்?" என்றேன். சாப்பிட்டாச்சா? பாட்டி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், என் தோலைப் பார்த்தார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தை அந்தக் கையுறைக் கையாலேயே தொட்டார்.

வேலையைக் கற்றுக்கொடுத்தார். மூடி ஒரு வகைப் பிளாஸ்டிக், போத்தல் வேறு வகை, கலந்தால் கெடும். மூடியைத் திருகி ஒரு கூடையில் போட வேண்டும். கழுத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் வளையம்தான் கஷ்டம். சின்ன இடுக்கியால் ஓரமாகக் கவ்வி ஒரே இழுப்பு. அதன் பிறகு மேலே சுற்றிய தாளை உரித்து, நிறமில்லாதது ஒரு பை, பச்சை ஒரு பை. என் முதல் வளையம் பாதியில் அறுந்தது. பாட்டி அதை வாங்கி மிச்சத்தை எடுத்துவிட்டு, சிரித்து, இன்னொன்று கொடுத்தார். இருபதாவது போத்தலில் கைக்குப் பழகியது. அதற்கப்புறம் நாங்கள் அதிகம் பேசவில்லை.

அவர் எழுத்துப் படித்ததில்லை என்று ஆன்ட்டி விசாரித்துச் சொன்னார். கணவர் போய்விட்டார், பிள்ளைகள் தைப்பேயில். தினமும் காலை இங்கே நடந்து வருகிறார். ஏப்ரல் நிலநடுக்கத்தன்று மட்டும் வரவில்லை, மறுநாள் வந்தார்.

மத்தியானம் ஒருவர் எல்லோருக்கும் சேமியாக் கஞ்சி கொண்டுவந்தார். அவரவர் கிண்ணம், அவரவர் கரண்டி. எனக்கு ஒன்று எடுத்துக் கொடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வளையக் குனிந்தார். பினாங்கில் எங்களுக்கு நன்றி என்றால் காம்சியா. இங்கே அவர்கள் காம் உன் என்கிறார்கள், உன் என்றால் பெற்ற நன்மை. கொடுத்தவரும் காம் உன், வாங்கியவரும் காம் உன். நான் கிண்ணத்தை வாங்கும்போது எனக்கும் குனிய வந்தது. இரண்டு தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன.

நான்கு மணிக்கு லாரி வந்தது. பைகளை ஏற்றினோம். ஓட்டுநர் கயிறு கட்டும் விதத்தைப் பார்த்து நின்றேன், சித்தப்பாவும் அப்படித்தான் கட்டுவார், முடிச்சை உள்பக்கம் மறைத்து. லாரி போனதும் பாட்டி பழைய முக்காலிக்கே திரும்பினார். நாளைக்கு வருவாயா என்று கேட்டார். நாளைக்கு ரயில் என்று சொன்னேன். ரயிலுக்குப் பிறகு விமானம், கடல் தாண்டி என்று கையால் காட்டினேன்.

"உங்க ஊர்லயும் போத்தல் இருக்கும்ல?" என்று கேட்டுவிட்டு, அவர் அடுத்த மூடியைத் திருகத் தொடங்கினார்.